திறக்க முடிந்தால்தான் சொந்தம்

2025 அக்டோபர் 14 அன்று உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகள் ஒரே நாளில் ‘பழையவை’ ஆகிவிட்டன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அன்றுடன் முடித்துக்கொண்டது. தனிநபர்களுக்கு ஓராண்டுக் கூடுதல் அவகாசம் அறிவிக்கப்பட்டது; அதுவும் நிபந்தனைகளுடன். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், ஏறத்தாழ 2017-க்குப் பின் வெளிவந்த செயலியும் வேண்டும். அதற்கு முந்தைய கணினியில் திரை ஒளிரலாம், விசைகள் இயங்கலாம், ஒலி கேட்கலாம். பழுது என்று சுட்டிக்காட்ட எதுவுமே இல்லாமல் இருக்கலாம். ஆயினும் அதன் ஆயுள் முடிந்துவிட்டதாக அதை வாங்கியவர் அல்லாத வேறொருவர் முடிவு செய்துவிட்டார்.

இது தமிழ்நாட்டுக்குத் தொலைதூரச் செய்தி அன்று. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ், அடுத்துவந்த ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. இந்தியாவில் ஒரு மாநில அரசு மக்கள் கையில் இத்தனை கணினிகளைக் கொடுத்தது அரிய நிகழ்வு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இன்றைய விண்டோஸின் தகுதிப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. அவை இப்போது எங்கே இருக்கின்றன, எத்தனை இன்னும் பயன்படுகின்றன என்ற கேள்வியைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இன்று வழங்கப்படும், வாங்கப்படும் மடிக்கணினிகளுக்கும் அதே கதி நேராமல் தடுக்க முடியுமா?

கட்டுமரம் சொல்லும் பாடம்

அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் அருகருகே இருக்கின்றன. பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயர் தாங்கிய இந்த மீனவர் குடியிருப்பு, பழுதுபார்த்தலை வாழ்க்கைமுறையாகவே கொண்டது. கடலுக்குப் போகாத நேரத்தில் கரையில் நடக்கும் வேலைகளுள் முதன்மையானது வலையைச் செப்பனிடுவது. கிழிந்த இடத்தை மட்டும் பின்னிச் சேர்க்கிறார்கள். ஒரு கண்ணி அறுந்ததற்காக எவரும் வலையையே தூக்கி எறிவதில்லை. கண்ணாடியிழைப் படகில் விரிசல் விட்டால் பிசின் பூசி அடைக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றித் தனியே பழுதுபார்க்கிறார்கள்.

கண்ணாடியிழைப் படகுகள் பரவுவதற்கு முன் சோழமண்டலக் கரையெங்கும் ஓடிய கட்டுமரம் இதில் இன்னும் ஒரு படி மேலே நின்றது. தனித்தனி மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்குவார்கள்; கரை திரும்பியதும் கட்டவிழ்த்து மரங்களை உலரவைப்பார்கள். ஒரு மரம் நைந்துபோனால் அதை மட்டும் மாற்றுவார்கள். ஆணி அடித்து இறுக்காமல் கயிற்றால் கட்டியதன் பயன் அது. பொருளைக் கையாள்பவரே அதைப் பிரித்துச் சேர்க்கும் வகையில் அமைத்த வடிவம்.

இன்றைய மடிக்கணினியின் சிக்கலைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தினால் போதும். சில மடிக்கணினிகள் கயிற்றால் கட்டப்பட்டவை. பல, பசையால் ஒட்டப்பட்டவை.

மூடிக்குள் இருப்பது என்ன?

ஒரு மடிக்கணினியில் முதலில் தளர்வது பெரும்பாலும் நான்கைந்து உறுப்புகளே. பேட்டரி சில நூறு முறை மின்னேற்றம் கண்டதும் திறன் குறையும். சுழலும் வன்தட்டு அதிர்ச்சியில் கெடும், அல்லது காலப்போக்கில் மெதுவாகும். குளிர்விக்கும் விசிறியில் தூசி படியும். விசைப்பலகையில் சில எழுத்துகள் எழும்பா. திரையைத் தாங்கும் கீல் உடையும். கடலோரக் குடியிருப்புகளில் இவற்றோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். உலோக இணைப்புகள் அரித்துப்போவது அங்கே புதிதல்ல. இவற்றுக்கு நடுவே செயலியும் தாய்ப்பலகையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிறிய உறுப்புகளை மாற்ற முடிந்தால் கணினி பத்தாண்டுகள்கூட உழைக்கும். முடியாவிட்டால் நான்கே ஆண்டுகளில் பரணில் ஏறும்.

பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மடிக்கணினிகள் பலவற்றில் பேட்டரி ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினாலே கையோடு வந்துவிடும். ரேம் எனப்படும் நினைவகத்துக்குத் தனிச் செருகுவாய் இருக்கும். வன்தட்டை இரண்டு, மூன்று திருகாணிகளைக் கழற்றி எடுத்துவிடலாம். மெலிந்த வடிவமே அழகு என்ற போக்கு வலுப்பெற்றதும் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது; பேட்டரி பசையால் ஒட்டப்பட்டது. விளைவு எளிது: 8 ஜிபி நினைவகத்துடன் வாங்கிய கணினி கடைசிவரை 8 ஜிபிதான். ஒரு நினைவகச் சில்லு பழுதானால் தாய்ப்பலகை முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். அதற்குப் புதிய கணினியே வாங்கிவிடலாமே என்றும் சொல்வார்கள்.

இது தவிர்க்க முடியாத தொழில்நுட்ப விதி என்று எண்ணத் தேவையில்லை. அமெரிக்காவில் 2020-இல் தொடங்கப்பட்ட ஃபிரேம்வொர்க் என்னும் சிறு நிறுவனம், மறு ஆண்டே ஒரு மெல்லிய மடிக்கணினியை வெளியிட்டது. கூடவே வரும் ஒரே திருப்புளியால் அதன் எல்லாப் பாகங்களையும் பயனரே கழற்றலாம். சில ஆண்டுகளுக்குப் பின் வேகம் போதவில்லையென்றால் உடலையும் திரையையும் வைத்துக்கொண்டு தாய்ப்பலகையை மட்டும் புதிதாக மாற்றலாம். விலை அதிகம்தான். ஆனால், மெலிவும் பழுதுநீக்கமும் ஒன்றாக இருக்க முடியாது என்ற வாதத்தை அது பொய்யாக்கிவிட்டது.

அவ்வளவு தொலைவு போகாமலே சென்னையில் ஒரு வழி உண்டு. நிறுவனங்களுக்கென்று தயாரிக்கப்படும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற வரிசைகளுக்குக் கழற்றிப் பூட்டும் முறையை விளக்கும் கையேடுகளைத் தயாரிப்பாளர்களே வெளியிடுகிறார்கள். உதிரி பாகங்களும் எளிதில் கிடைக்கும். நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த இத்தகைய கணினிகள் செப்பனிடப்பட்டு மறுவிற்பனைக்கு வருகின்றன. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பேட்டரி, விசைப்பலகை, திரை, கீல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கலாம். தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லை மட்டும் எடுத்து மாற்றும் கைத்திறனும் அங்கே கிடைக்கும். இந்தக் கைத்திறனைப் பழைய பொருள் வணிகம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது ஒரு பொதுச் சொத்து.

இரண்டாவது பூட்டு

திருகாணியைக் கழற்ற முடிவது பாதி வெற்றிதான். உள்ளிருக்கும் மென்பொருள் மூடியதாக இருந்தால், உறுப்புகள் எல்லாம் நலமாக இருந்தும் கணினி வீணாகும் என்பதை 2025 அக்டோபர் காட்டிவிட்டது. இந்த இரண்டாவது பூட்டைத் திறப்பது லினக்ஸ்.

பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கருநிரலும், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்களும் இணைந்து உருவானதே நாம் லினக்ஸ் என்று அழைக்கும் இயங்குதளம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல வடிவங்களில் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. ‘இலவசம்’ என்பதைவிட ‘கட்டற்றது’ என்பதே அதன் சிறப்பு. ஒரு நிறுவனம் ஆதரவை நிறுத்தினாலும், தேவைப்படும் வேறொரு குழு அதே நிரலை எடுத்துப் பராமரிக்கலாம். பழைய கணினிகளுக்கென்றே சிறிய நினைவகத்தில் இயங்கும் எளிய வடிவங்கள் தொடர்ந்து வெளிவருவதற்குக் காரணம் இதுதான்.

2011-ஐ ஒட்டி வழங்கப்பட்டவை போன்ற, 2 ஜிபி நினைவகமும் சுழலும் வன்தட்டும் கொண்ட மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். வன்தட்டுக்குப் பதிலாக ஒரு எஸ்.எஸ்.டி., கூடுதலாக ஒரு நினைவகப் பலகை, எளிய லினக்ஸ் வடிவம் ஒன்று; இம்மூன்றும் சேர்ந்தால் எழுதவும் படிக்கவும் நிரல் கற்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் அது மீண்டும் தகுதி பெறும். செலவோ புதிய கணினி விலையில் ஒரு சிறு பங்கு. இந்த மாற்றம் அந்த மாதிரிகளில் நடக்க முடிவதற்குக் காரணம், அவற்றின் உறுப்புகள் பற்றவைக்கப்படாமல் செருகப்பட்டிருந்ததே. வன்பொருளின் திறப்பும் மென்பொருளின் திறப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது இதனால் விளங்கும்.

தமிழுக்கும் இதில் தனிப் பங்குண்டு. கணினித் திரையில் கட்டளைகளைத் தமிழில் காட்ட 2000-களின் தொடக்கத்திலேயே ‘ழ கணினி’ போன்ற தன்னார்வ முயற்சிகள் லினக்ஸைத்தான் தேர்ந்தெடுத்தன; எவர் அனுமதிக்கும் காத்திராமல் மொழிபெயர்த்துச் சேர்க்க முடிந்தது அதில்தான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ் 99 விசைப்பலகை இன்று லினக்ஸில் ஓர் அமைப்புத் தெரிவு மட்டுமே. சென்னை லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு, 2012 முதல் தமிழில் மென்பொருள் கட்டுரைகளை வெளியிடும் ‘கணியம்’ போன்றவை ஊதியம் எதிர்பாராது கற்றுக்கொடுக்கின்றன.

தமிழ்நாடு விட்ட இடம்

கட்டற்ற மென்பொருளில் தமிழ்நாடு பின்தங்கித் தொடங்கவில்லை. 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகளை வாங்கிக் கொடுத்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ லினக்ஸை உருவாக்கியதும் சென்னையில்தான். விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு இந்த பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலரும் அறிவார்கள். பாடத்திட்டத்தில் அதற்கு வலுவான இடமில்லை. ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியில்லை. ஐயம் கேட்க அருகில் ஆளில்லை. கணினியைத் திறந்ததும் கண்ணில் பட்ட அறிமுகமில்லாத பெயரைப் பல மாணவர்கள் தொட்டதே இல்லை. முதல் முறை பழுதானபோது கடைக்காரர் அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் நிறுவிக் கொடுத்தார். ஒரு மென்பொருளைத் தட்டில் வைத்துக் கொடுப்பதும் அதைப் புழக்கத்தில் கொண்டுவருவதும் வெவ்வேறு என்பதை அத்திட்டம் கற்பித்தது.

அண்டை மாநிலமான கேரளம் மறுதிசையில் நடந்தது. அங்கே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும், 2017-இல் அதன் தொடர்ச்சியாக உருவான ‘கைட்’ நிறுவனமும் பள்ளிக் கணினிகளை முற்றிலும் கட்டற்ற மென்பொருளிலேயே இயக்குகின்றன. பாடநூலும் தேர்வும் ஆசிரியர் பயிற்சியும் அதே மென்பொருளை ஒட்டி அமைந்தன. 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களின் வழியே மாணவர்களே கணினிகளைக் கவனித்துக்கொள்ளப் பழகுகிறார்கள். உரிமக் கட்டணம் மிச்சமானது ஒரு பயன். தங்கள் கணினியைத் தாங்களே புரிந்துகொள்ளும் ஒரு தலைமுறை உருவானது அதைவிடப் பெரிய பயன்.

மறைக்கக் கூடாத குறைகள்

லினக்ஸ் எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்வது நேர்மையாகாது. கணக்குத் துறையில் டாலி, பொறியியலில் ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் விண்டோஸை நம்பியே எழுதப்பட்டவை. அவற்றைக் கற்றால்தான் வேலை என்ற நிலையிலுள்ள மாணவருக்கு ‘மாறிவிடு’ என்று அறிவுரை சொல்வது எளிது, உதவுவதாகாது. சில வைஃபை சில்லுகளும் கைரேகை உணரிகளும் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். எம்.எஸ். ஆஃபீஸில் உருவாக்கிய கோப்பை லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் சில வேளைகளில் பக்க அமைப்பு கலையும். பழகும் வரை முதல் சில வாரங்கள் பொறுமை வேண்டும்.

ஆகவே அறிவுடைய வழி இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு தொடங்குவதே. ஒரு விரலியில் லினக்ஸை ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமலே இயக்கிப் பார்க்கலாம். ஒலி, இணையம், அச்சுப்பொறி எல்லாம் ஒத்துழைக்கின்றனவா என்று சோதித்தபின் நிறுவலாம். முக்கியமான கோப்புகளை முன்பே வேறிடத்தில் நகலெடுத்துவைப்பது கட்டாயம்.

பழுதுபார்க்கத்தக்க கணினி சற்றுத் தடிமனாகவும் கனமாகவும் இருக்கலாம் என்பதும் உண்மையே. ஆனால், ஒட்டுமொத்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் சுற்றுச்சூழலுக்கு ஏற்படுத்தும் கார்பன் சுமையின் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே ஏற்பட்டுவிடுகிறது. எனவே மின்சாரத்தைக் குறைவாகச் செலவிடும் புதிய கணினியை வாங்குவதைவிட, இருப்பதை இன்னும் நான்கு ஆண்டுகள் ஓட்டுவதே பெரும்பாலும் மேலானது. ஐ.நா. அமைப்புகள் பங்கேற்ற 2024-ஆம் ஆண்டின் உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவற்றில் கணிசமானவை ஏழைகளின் கைகளால் உடைக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன.

ஒப்பந்தப்புள்ளியில் நான்கு வரிகள்

உலகம் இதை உணரத் தொடங்கிவிட்டது. பிரான்ஸ் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட பொருள்களுக்குப் ‘பழுதுநீக்கக் குறியீடு’ ஒட்டுவதைக் கட்டாயமாக்கியது. வாங்குபவர் விலையோடு பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் பார்த்து வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறையை நிறைவேற்றியது. இந்தியாவில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டின் இறுதியில் ஒரு வலைவாசலையும் தொடங்கியது. பழுதுநீக்கக் குறியீடு பற்றி ஆராய்ந்த மற்றொரு குழு 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. ஆனால், அதன் முதற்கட்டக் கவனம் கைபேசிகளிலும் கைக்கணினிகளிலுமே இருந்தது. மடிக்கணினியின் முறை எப்போது வரும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாநில அரசின் கையில் சட்டத்தைவிட விரைவான கருவி ஒன்றுண்டு, அது கொள்முதல்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று 2025–26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்து, முதற்கட்டமாக ரூ.2,000 கோடி ஒதுக்கியது. 2026 ஜனவரியில் வழங்கல் தொடங்கியது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்குபவர் என்ன கேட்டாலும் நிறுவனங்கள் செவிசாய்க்கும். இனிவரும் ஒவ்வொரு கட்டக் கொள்முதலிலும் நான்கு நிபந்தனைகளைச் சேர்க்கலாம். நினைவகமும் சேமிப்பகமும் செருகுவாயில் இருக்க வேண்டும். பேட்டரியைச் சாதாரணத் திருப்புளியால் கழற்ற முடிய வேண்டும். உதிரி பாகங்களும் பழுதுநீக்கக் கையேடும் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்குப் பொதுச் சந்தையில் கிடைக்க வேண்டும். எல்லா வசதிகளும் லினக்ஸில் இயங்குவதாகச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். இவற்றோடு ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒரு பழுதுநீக்கக் கூடம் அமைந்தால், மாணவருக்குக் கணினியும் நிலைக்கும். பயிற்சியாளருக்குத் தொழிலும் அமையும்.

தனியே வாங்குவோரும் கடையில் இதே கேள்விகளைக் கேட்கலாம். நினைவகத்தைக் கூட்ட முடியுமா? பேட்டரி தனியே கிடைக்குமா? மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா? இக்கேள்விகளைக் கேட்பவர் எண்ணிக்கை கூடினால் விற்பனையாளருக்கும் பதில் தேட வேண்டிய கட்டாயம் வரும்.

வசதியுள்ள வீட்டில் மடிக்கணினி கெட்டால் அடுத்தது வந்துவிடும். ஊரூர் ஒல்காட் குப்பம் போன்ற குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு அரசு கொடுத்ததே முதல் கணினி. அது நின்றுபோனால் அண்ணனுக்குப் பின் தங்கைக்குக் கணினி இல்லை. ஒரு மடிக்கணினி நான்கு ஆண்டு உழைப்பதா, பத்தாண்டு உழைப்பதா என்பது அந்தத் தங்கையின் படிப்பைத் தீர்மானிக்கும் கேள்வி. அதற்கான விடையை ஒப்பந்தப்புள்ளி எழுதும் மேசையிலேயே எழுதிவிட முடியும்.